ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர்?



போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பியின் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள. லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் ஒன்பது வருடப் பழைய கார் ஒன்றை விலை பேசி முடித்துவிட்டாளாம். "பேரு மாத்துறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அத்தைப் பாட்டி, அவர் தெரிஞ்சவர்தான்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. "லைன்ல இருக்கீங்களா பாட்டி?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவளிடம் போனில் முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். முப்பது வருடமாக வீட்டுக்கு வெளியே நான் பேசாத விஷயம் இது.

என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு 'லைசென்ஸ் ராஜ்' பாடம் நினைவிருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் முழுதாகச் செய்த கார்களை இறக்குமதி செய்வதை அரசு தடுத்தது. பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு கம்பெனிகளும் 1950களில் மூட்டை கட்டின. சாலையில் மிஞ்சியவை பெரும்பாலும் மூன்று வகைக் கார்கள்தான். கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம் சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சின்ன வயதில் எங்கள் ஊர் டாக்டர் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். ஃபியட்டுக்குத்தான் 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது.

எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் அரசின் உரிமம் வேண்டியிருந்த காலம். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் புது வண்டியின் விலையைவிட அதிகம் கொடுத்துப் பழைய வண்டியை வாங்கியதும் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. வசதியுள்ளவர்கள் அதற்கு மாறினார்கள். அவர்கள் விட்ட பத்மினிகளும் அம்பாசடர்களும் ஆசிரியர், குமாஸ்தா வீடுகளுக்கு எட்டும் விலைக்கு மெல்ல இறங்கின. எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்ததற்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

1991-ல் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மாதம் இரண்டு முறை புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. என் கணவருக்குப் பார்வைக் குறைவு. "நீ கத்துக்க" என்று முதலில் சொன்னது மாமியார்தான். எனக்கு அப்போது 37 வயது.

எல் போர்டு மாட்டிய டிரைவிங் ஸ்கூல் காரில் காலை ஐந்தரை மணிக்குப் பழகுவேன். பள்ளிப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அந்த நேரம். முதல் தடவை டெஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்ததும் மேட்டில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், பின்னால் உருண்டது. "போயிட்டு அடுத்த மாசம் வாங்கம்மா" என்றார். அடுத்த மாதம் பாஸ். அந்த லைசென்ஸ் கைக்கு வந்த அன்று மாமியார் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

1992 ஜூனில், காரைக்குடியில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரிடமிருந்து 1978 மாடல் பத்மினியை வாங்கினோம். ஸ்டியரிங்கை ஒட்டிக் கியர் இருக்கும் வண்டி. விலை 38 ஆயிரம் ரூபாய், என் ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல். சீட்டு எடுத்த பணமும் வளையல் இரண்டை அடகு வைத்த பணமும் சேர்ந்துதான் அந்தத் தொகை ஆயிற்று. இடையில் நின்ற புரோக்கர், படிவம் 29, 30 இரண்டிலும் அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கித் தேதி போடாமல் என்னிடம் கொடுத்தார். "ஓப்பனா இருக்கட்டும் டீச்சர். நாளைக்கு நீங்க விக்கிறதா இருந்தா நேரா அவங்க பேருக்கே மாத்திக்கலாம். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார். தடையில்லாச் சான்றுக்கு அந்த மாவட்ட ஆபீசுக்கும் பெயர் மாற்ற இங்குள்ள ஆபீசுக்கும் லீவு போட்டு அலைய வேண்டுமே என்று நானும் அந்தத் தாள்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வகுப்பில் நான் என்ன சொல்லுவேன்? "சான்று இல்லாமல் வரலாறு இல்லை. கல்வெட்டில் இருக்கும் பெயரே பேசும்." அப்படிச் சொல்லிக்கொண்டே, பொய் பேசும் ஒரு ஆவணத்தை என் வீட்டிலேயே வைத்திருந்தேன்.

1993 ஜனவரியில் திருச்சியிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். கீரனூர் தாண்டி, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்க இடது பக்கம் ஒடித்தேன். சைக்கிளில் போனவரைப் பார்க்கவில்லை. அவர் கூலி வேலை செய்பவர். கால் எலும்பு முறிந்தது. நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், வைத்தியச் செலவையும் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தேன், அபராதமும் கட்டினேன். நான்கு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். அது அவருடைய உரிமை. இதற்குப் பிறகாவது ஆர்.சி.யில் பெயரை மாற்றியிருக்க வேண்டும். அப்போதும் மாற்றவில்லை.

ஜூலையில் ஒரு மத்தியானம் வாசலில் அந்தக் காரைக்குடிப் பெரியவர் நின்றார். கையில் மஞ்சள் பை. பைக்குள் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ். வண்டியின் உரிமையாளர் என்று அவர் பெயர் போட்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. "வண்டியை வித்து ஒரு வருஷமாச்சு டீச்சர். கோர்ட்டு இன்னும் என் வண்டிங்குது. எனக்கு இருக்கிறது அந்த ஓட்டு வீடு ஒண்ணுதான். அதைப் பிடுங்கிருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று பிறகு அவர் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

சட்டம் ஏன் அவரைத் தேடிப் போனது? மோட்டார் வாகனங்களுக்கு இந்தியா முழுமைக்குமான முதல் சட்டம் 1914-ல் வந்தது. அதன் இடத்தில் 1939-ல் புதுச் சட்டம் வந்தது. சாலையில் அடிபடும் மூன்றாம் நபருக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கிய பகுதி 1946 ஜூலை 1 முதல்தான் அமலானது. அடிபட்ட ஏழைகள் சிவில் கோர்ட்டில் அலையாமல் இருக்கத் தனித் தீர்ப்பாயங்களுக்கு 1956-ல் வழி செய்தார்கள். 1988 சட்டம் 1989 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. இத்தனையும் அடிபட்டவரைக் காப்பாற்ற வந்தவை. காலுடைந்து கிடப்பவர், வண்டி எத்தனை கை மாறியது என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் சட்டம் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கிறது. அதிலுள்ள பெயரைக் கூப்பிடுகிறது. சட்டம் சரியாகத்தான் இருந்தது. அதன் முன்னால் பொய்யான பெயரை நிற்க வைத்தது நான்.

மறு வாரமே பெயரை மாற்றினேன். ஆனால் விபத்து நடந்த நாளில் இருந்த பெயரை யாராலும் மாற்ற முடியாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரை நானே காரில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கேட்டது, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்ததா என்றுதான். இருந்தது. வண்டி கைமாறினாலும் மூன்றாம் நபருக்கான காப்பீடு கூடவே போகும் என்று 1988 சட்டம் சொல்வதால், 1995-ல் கம்பெனியே இழப்பீட்டைக் கொடுத்தது. லைசென்ஸ் மட்டும் இல்லாதிருந்தால் அந்த ஓட்டு வீடு என்ன ஆகியிருக்குமோ, இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

கடைசி வாய்தா முடிந்து வரும்போது பெரியவர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "இனி சரி" என்று மூடிக் கொடுத்தார். இறங்கும்போது எப்போதும் போல, "பார்த்து ஓட்டுங்க டீச்சர்" என்றார். அவர் இப்போது இல்லை.

2018-ல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. பல கை மாறிய ஒரு காரின் வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது.

ஆகவே பிள்ளைகளே, பழைய வண்டி வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து வாங்காதீர்கள், விற்பவராக இருந்தால் போட்டும் கொடுக்காதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் என்று இப்போது போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர் பேத்திக்கு ஒரு வார்த்தை. அந்தத் "தெரிஞ்சவர்" நல்லவராகத்தான் இருப்பார். அதனால்தான் சொல்கிறேன், அவர் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடு. அப்புறம் புதுக்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு வா. முன் சீட்டில் நான் உட்கார்ந்து வருகிறேன்.