பட்டிழை பிறக்கும் இடம்

தங்கவயல் சுரங்கங்கள் சுறுசுறுப்பாக இயங்கிய காலத்திலேயே கோலார் சுற்றுவட்டாரத்தில் மல்பெரித் தோட்டங்களும் செழித்திருந்தன. நான்காம் முறை தோலுரித்த பட்டுப்புழு ஒரு வாரம் இராப்பகலாக இலை தின்னும். பிறகு சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் ஏறிக் கூடு கட்டும். அதன் உடலில் நீளமான சுரப்பி. பின்பகுதி ஃபைப்ராய்ன் என்ற இழைப் புரதத்தைச் செய்யும். நடுப்பகுதி செரிசின் என்ற பசையைச் செய்யும். இரு பகுதிச் செல்களிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள். வேலை மட்டும் வேறு. இது எப்படி?

அமெரிக்காவின் பால்டிமோரில், கார்னகி நிறுவன ஆய்வகத்தில் டொனால்ட் பிரவுனுக்கு ஓர் ஊகம் இருந்தது. தவளையின் முட்டைச் செல்லில் சில மரபணுக்கள் மட்டும் ஏராளமாகப் பெருகுவதை 1968-இல் அவர் கண்டிருந்தார். பட்டுப்புழுவும் இதே வழியில் போகிறதோ? ஜப்பானிலிருந்து வந்த யோஷியாகி சுசுகி தேடலில் இறங்கினார். அதிர்ஷ்டம் துணை நின்றது: ஃபைப்ராய்னில் ஏறக்குறைய பாதி கிளைசின் என்பதால், அதற்கான தூது ஆர்.என்.ஏ.வில் குவானின் மிகுந்திருந்தது. அந்த அடையாளமே அதைக் காட்டிக்கொடுத்தது. இனி மரபணுவை எண்ணுவதுதான் பாக்கி.

1972-இல் எண்ணினார்கள். ஊகம் பொய்த்தது! சுரப்பியிலும் சரி, மற்ற திசுக்களிலும் சரி, ஒரு மரபணுத் தொகுதிக்கு ஒன்று முதல் மூன்று பிரதிகளே. பெருக்கம் ஏதுமில்லை. ஆனால் இந்தத் தோல்வி வெற்றியைவிடப் பெரியது. சில நாட்களில் ஒற்றை மரபணுவிலிருந்து சுமார் 100 கோடிப் புரத மூலக்கூறுகள் பிறக்கின்றன என்ற கணக்கு அதிலிருந்துதான் வந்தது. அத்தனை வேகமான மரபணு நடுப்பகுதியில் ஏன் மௌனம் காத்தது?

விடை பட்டுப்புழுவிடமிருந்து முதலில் வரவில்லை. கண்டில் சுற்றிய நூலைப் போல, டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியிருக்கிறது என்று 1974-இல் ரோஜர் கார்ன்பெர்க் விளக்கினார். இந்தக் கட்டமைப்புதான் குரோமாட்டின். 1976-இல் ஹெரால்ட் வெயின்ட்ராபும் மார்க் குரூடீனும் கோழியின் இரத்தச் சிவப்பணு உட்கருக்களில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை விட்டார்கள். குளோபின் மரபணு எளிதில் வெட்டுப்பட்டது. முட்டை வெண்கருப் புரதத்தின் மரபணு அப்படி வெட்டுப்படவில்லை. வேலை செய்யும் மரபணுவைச் சுற்றிய குரோமாட்டின் தளர்ந்திருக்கிறது, அந்தத் தளர்வு திசுவுக்குத் திசு மாறுகிறது என்பது தெளிவாயிற்று. எங்கே தளர்வது என்று முடிவுசெய்வது எது?

இதற்கு விடை தேடும் வழியில், சுசுகி ஜப்பான் திரும்பி, ஃபைப்ராய்ன், செரிசின் மரபணுக்களின் முன்பகுதியில் பற்றிக்கொள்ளும் புரதங்களைத் தேடினார். சுரப்பியின் ஒவ்வொரு பகுதியிலும் அந்தப் புரதங்களின் சேர்க்கை வேறாக இருந்தது.

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. கோலாரில் பட்டுக்கூடு விளைவது நிற்கவில்லை. சாயமிடுமுன் நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்கவிடுவார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு, நடுப்பகுதி செய்த செரிசின், அதில் கரைந்து போகும். சேலையாக நெய்யப்படுவது பின்பகுதி செய்த ஃபைப்ராய்ன்.