மூன்று பெயர் கொண்ட வாத்தியார்

தாய்வான் எண்டதும் எங்களில் கனபேருக்கு நினைவுக்கு வாறது கணினிச் சில்லுகளும் சீனாவோடு உள்ள இழுபறியும்தான். சீனர்கள் வந்து குடியேறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவில் வாழ்ந்த பூர்வகுடிகளைப் பற்றி நாங்கள் கதைப்பது குறைவு. அவர்களில் ஒரு சிறிய இனம் சோவு. அலிஷான் மலையில் வாழும் அந்த மக்களிடையே 1908இல் பிறந்த ஒரு வாத்தியாரைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

அவருக்கு மூன்று பெயர்கள். தாய்மொழியில் உயோங்கு யதாவுயுங்கானா. யப்பானியர் ஆட்சியில் யதா கசுவோ. 1945இற்குப் பிறகு சீன மொழியில் காவோ யிஷெங். நாங்கள் அவரை உயோங்கு என்றே அழைப்போம்.

1895 முதல் 1945 வரை தாய்வான் யப்பானின் காலனியாக இருந்தது. அலிஷான் காட்டு மரங்களை இறக்க யப்பானியர் மலைக்கு ரயில் பாதை போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வந்தது. ஆனால் மலைக் கிராமங்களில் படிப்பித்தது பொலிஸ்காரர்தான். படிப்பும் காவலும் ஒரே கையில் இருந்தால் ஆட்சிக்கு வேலை சுகம் தானே?

கெட்டிக்கார மாணவனான உயோங்கு 1924இல் தாய்னான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனார். அங்கே இசையும் கற்றார். 1927இல் ரஷ்ய மொழியியலாளர் நிகொலாய் நெவ்ஸ்கி சோவு மொழியைப் பதிவு செய்ய மலைக்கு வந்தபோது, அவருக்குத் துணையாக நின்றது இந்த 19 வயது மாணவன்தான். பத்து வருடங்களுக்குப் பிறகு, 1937இல், ஸ்டாலினின் அரசு நெவ்ஸ்கியைச் சுட்டுக்கொன்றது.

1930இல் உயோங்கு ஊருக்குத் திரும்பினார். வாத்தியார் வேலை, அதோடு பொலிஸ் வேலை. இதை நாங்கள் மூடி மறைக்கத் தேவையில்லை. அவர் காலனி ஆட்சியின் ஆளாகத்தான் ஊருக்குள் வந்தார். வயல் செய்யச் சொன்னார், பழைய வழக்கங்கள் சிலதைக் கைவிடச் சொன்னார். ஆனால் அதே படிப்புத்தான் அதிகாரத்தோடு அதன் மொழியிலேயே பேசும் வல்லமையையும் அவருக்குக் கொடுத்தது.

யப்பான் தோற்றதும் தாய்வான் குவோமின்டாங் அரசின் கைக்குப் போனது. உயோங்கு தன் மலைப் பிரதேசத்தின் நிர்வாகத் தலைவரானார். அந்தப் பிரதேசத்துக்கு அரசு வைத்த பெயர் வூ ஃபெங். 'தலை வெட்டும் காட்டுமிராண்டிகளை' தன் உயிரைக் கொடுத்துத் திருத்திய சீனராகப் பாடப்புத்தகங்கள் புகழ்ந்த ஆள் அவர். தன் சனத்தை இழிவுபடுத்தும் கதையின் பெயரைத் தாங்கிய கதிரையில் இருந்துதான் உயோங்கு வேலை செய்ய வேண்டியிருந்தது.

1947 பெப்ரவரி 28இல் வெடித்த, அரசுக்கு எதிரான எழுச்சி தாய்வான் முழுக்கப் பரவியது. சோவு இளைஞர்கள் சியாயி நகருக்கு இறங்கிச் சண்டையில் பங்கெடுத்தார்கள். அதே நேரம் உயோங்கு, தப்பி வந்த ஒரு மாவட்ட அதிகாரிக்கு மலையில் அடைக்கலம் கொடுத்தார். அந்த வருடம் அவர் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியமானது. பூர்வகுடிகளுக்கென்று தன்னாட்சி உள்ள ஒரு மாவட்டம் வேண்டும், அதைப் பற்றிக் கூடிப் பேசுவோம் என்று மற்ற இனத் தலைவர்களுக்கும் எழுதினார். ஒவ்வொரு இனமும் தனித்தனியாக முறையிட்டால் அரசு சமாளித்துவிடும். எல்லாரும் சேர்ந்து நிலத்தையும் நிர்வாகத்தையும் கேட்பது வேறு விசயம்.

1949இல் இராணுவச் சட்டம் வந்தது. 1952இல் உயோங்கு கைதானார். அரசுக்கு எதிரான சதி, ஊழல் என்று குற்றம் சாட்டினார்கள். 1954 ஏப்ரல் 17இல் சுட்டுக்கொன்றார்கள். அன்று கொல்லப்பட்டவர்களில் சியாயிக்கு இளைஞர்களைக் கூட்டிப்போன தாங் ஷௌஜென்னும், அதாயல் இனத்தவரும் மருத்துவருமான லோசிங் வதானும் இருந்தார்கள். இப்படி ஒரு தலைமுறையின் படித்த ஆக்களை இழந்தபிறகு, மலையில் வாய் திறக்க ஆர் துணிவார்?

சிறையிலிருந்து உயோங்கு மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். மனைவியின் யப்பானியப் பெயர் ஹருக்கோ, வசந்தத்தின் பிள்ளை என்று பொருள். வசந்த தேவதையைப் பற்றி ஒரு பாட்டும் அவருக்காக இயற்றினார். வயலிலும் மலையிலும் தன் உயிர் எப்போதும் இருக்கும், நிலத்தை விற்க வேண்டாம் என்பது கடிதத்தில் அவர் சொன்னதன் சாரம்.

இராணுவச் சட்டம் 1987 வரை, 38 வருடங்கள் நீடித்தது. 1988இன் முடிவில் சியாயி ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்ற வூ ஃபெங் சிலையைப் பூர்வகுடி இளைஞர்களும் அவர்களின் ஆதரவாளர்களும் இழுத்து விழுத்தினார்கள். அடுத்த வருடம் அந்தப் பிரதேசத்தின் பெயர் அலிஷான் என்று மாறியது. 2016 ஓகஸ்ட் 1இல் சனாதிபதி சாய் இங்-வென் அரசின் சார்பில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

பெயர்ப்பலகை மாறிவிட்டது, மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனால் 1947இல் அந்த வாத்தியார் கேட்டது நிலத்தையும் நிர்வாகத்தையும். அலிஷானுக்குத் தேத்தண்ணிக்கும் சூரிய உதயத்துக்கும் போகிற சுற்றுலாப் பயணிகள் நடப்பது அவர் தன்னாட்சி கேட்ட மண்ணில்தான். பூர்வகுடிகள் அதை இண்டைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.