அசல் ஃப்ளாப்பி யார்கிட்ட இருக்கு?

கொசுவத்திச் சுருளைக் கொளுத்தியாச்சு மக்களே. நம்ம வழக்கமான வங்கி, வட்டி, வருமான வரிப் புலம்பலுக்கு இந்த வாரம் லீவு. இது விளையாட்டைப் பற்றிய பதிவு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக் கதை.

போன சனிக்கிழமை இங்கே மிசிசாகாவில் நல்ல பனி. வெளியே தலை காட்ட முடியாது. பையன் (வயசு 13) ஹாலில் 'டோம்ப் ரெய்டர்' ஆடிக்கிட்டு இருந்தான். 1996-ல் இங்கிலாந்தில் டெர்பி நகரத்து கோர் டிசைன் நிறுவனம் செய்த அதே ஆட்டம்தான். ஆனால் அவன் ஆடியது அசல் இல்லை. 2024 பிப்ரவரி 14 அன்று ஆஸ்பைர் நிறுவனம் முதல் மூன்று பாகங்களையும் சேர்த்து வெளியிட்ட ரீமாஸ்டர்.

ரீமாஸ்டர், ரீமேக் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தங்கமணி கேட்டாங்க. பழைய வீட்டுக்கு ஒயரிங் மாத்தி, வெள்ளையடிச்சு, ஒழுகுற இடத்தைப் பூசினா அது ரீமாஸ்டர். இடிச்சுட்டு அதே மனையில் அதே மாதிரி புதுசா கட்டினா ரீமேக். சரியா சொன்னேனா?

இந்த ரீமாஸ்டரில் ஒரு வசதி வெச்சிருக்காங்க. ஆடும்போதே ஒரு பொத்தானைத் தட்டினால் திரை 1996-க்குப் போயிடும். மறுபடி தட்டினால் 2024. பையன் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். "அப்பா, மூஞ்சி எல்லாம் முக்கோணமா இருக்கு. இதையா ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆடினீங்க?"

ஆமாண்டா ராசா, இதைத்தான்.

மூன்றாம் பாகம் (1998) இந்தியாவில் ஆரம்பிக்கும். காடு, குரங்கு, புலி, கங்கை நதி, அதில் நாலு சக்கர வண்டியில் பறக்கிற லாரா. "நம்ம ஊரு இப்படியா இருக்கும்?"னு கேட்டான். "நம்ம ஊர் ஸ்ரீராம்புரம்டா, அங்கே புலி கிடையாது, மாடுதான் குறுக்கே வரும்" என்றேன் :-)

அந்தக் காலத்து ஆட்டங்களில் பிற நாட்டு மக்களைக் காட்டிய விதத்தில் மட்டமான சித்தரிப்புகள் உண்டு. ரீமாஸ்டர் செய்தவர்கள் அதை அழிக்கவில்லை. 'இது அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனாலும் அப்படியே வைத்திருக்கிறோம்' என்கிற பொருளில் தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பு போட்டிருக்கிறார்கள். பி.காம் படிச்சவனுக்கு இது உடனே புரியும். பேரேட்டில் தப்பா எழுதினதை ரப்பர் வெச்சு அழிக்கக் கூடாது. தப்பு அங்கேயே இருக்கும், கீழே திருத்தப் பதிவு போடணும். அப்பதான் அது கணக்கு.

சரி, ஸ்ரீராம்புரத்துக்கு வருவோம்.

பெங்களூரைத் தெரியாதவர்களுக்கு: மெஜஸ்டிக்கிலிருந்து கொஞ்ச தூரம், ஒரு பக்கம் மல்லேஸ்வரம், இன்னொரு பக்கம் ராஜாஜிநகர். தமிழ் அதிகம் கேட்கிற பேட்டை. மில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். எங்க அப்பாவும் அப்படி வந்தவர்தான். 2014 மார்ச்சில் மெட்ரோ வந்தபிறகு தலைக்கு மேலே ரயில் போகுது. எங்க காலத்தில் தலைக்கு மேலே காத்தாடி மட்டும்தான்.

1996-ல் பத்தாவது பரீட்சை முடிஞ்ச லீவில் அப்பா என்னை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார். கீழே மாவு மில், மாடியில் சென்டர். செருப்பை வாசலில் கழட்டணும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். கீழேயிருந்து கேழ்வரகு மாவு புகை மாதிரி மேலே வந்துக்கிட்டே இருக்கும், அதைப்பற்றி யாரும் கவலைப்படலை. வேர்ட்ஸ்டார், லோட்டஸ், ஃபாக்ஸ்ப்ரோ சொல்லிக்கொடுத்தாங்க. நாங்க கத்துக்கிட்டது 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'.

நாற்பதைத் தாண்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதாளச் சிறையில் வெள்ளை உடை இளவரசன். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியைக் காப்பாத்தணும். தரையில் முள் கிளம்பும், கதவு கத்தியாட்டம் வெட்டும். முதல் கட்டம் முடிந்ததும் எழுத்து போட்ட குப்பிகள் இருக்கிற அறை வரும். கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்கணும். காசு கொடுத்து வாங்காதவனைப் பிடிக்க வெச்ச பூட்டு அது. எங்க ஃப்ளாப்பியில் யாரோ புண்ணியவான் பூட்டை உடைச்சிருந்தார். அசல் டப்பாவையோ கையேட்டையோ நாங்க யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டாஸ் திரையில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டி உள்ளே போனால் குறுக்கு வழிகள் திறக்கும் என்கிற ரகசியம், கம்ப்யூட்டர் சொந்தமா இல்லாத பசங்க வாய்வழியாகவே பெங்களூர் முழுக்கப் பரவியிருந்தது. எப்படின்னு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

அந்த ஆட்டத்துக்குப் பின்னாடி ஒரு குடும்பம் இருந்ததுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

எழுதியவர் ஜோர்டான் மெக்னர், அமெரிக்கர். ஆப்பிள் 2 கணினிக்காகத் தனியாளாக நிரல் எழுதி 1989-ல் முடித்தார். டாஸுக்கு 1990-ல் வந்தது. இளவரசன் அத்தனை இயல்பாக ஓடித் தாவுவதற்குக் காரணம், 1985-ல் ஜோர்டான் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு சட்டமாகப் படியெடுத்ததுதான். வாள்சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்திலிருந்து எரோல் ஃபிளின் சண்டைக் காட்சியைப் படியெடுத்தார். இசை? அவருடைய அப்பா ஃபிரான்சிஸ் மெக்னர். தொழிலால் உளவியலாளர், பையனுக்காக மெட்டமைத்தார்.

அந்த அப்பா ஆஸ்திரியாவில் வியன்னாவில் பிறந்த யூதர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது சின்னப் பையன். குடும்பம் சிதறி, ஃபிரான்சில் சில காலம் இருந்து, கடைசியில் அமெரிக்கா வந்து சேர்ந்தார். இதையெல்லாம் ஜோர்டான் 'ரீப்ளே' என்கிற படக்கதை நூலாக வரைந்திருக்கிறார். 2023-ல் ஃபிரெஞ்சிலும் 2024-ல் ஆங்கிலத்திலும் வந்தது. ஊரை விட்டு வந்தவங்க படிக்க வேண்டிய புத்தகம்.

இப்போ முக்கியமான இடம். ஆட்டம் உலகம் முழுக்க ஓடியது, எத்தனையோ கணினிகளுக்கு மாற்றப்பட்டது. ஆனால் ஜோர்டான் கையால் எழுதிய அசல் மூலநிரல் காணாமல் போய்விட்டது. பல வருஷம் தேடியும் கிடைக்கவில்லை. 2012-ல் அவர் அப்பா வீட்டு அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஓர் அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. மகனின் பழைய சாமான்கள் இருந்த பெட்டி. அவர் தூக்கிப் போடவில்லை, அனுப்பி வைத்தார். உள்ளே அந்த ஃப்ளாப்பிகள்! காந்தப் பூச்சு நாளாக ஆக மங்கிப்போகும், 20 வருஷத்துக்கு மேல் ஆனதைப் படிக்க முடியுமா என்று யாருக்கும் உறுதியில்லை. ஆவணக் காப்பாளர் ஜேசன் ஸ்காட், பழைய ஆப்பிள் கணினிகளைச் சேகரிக்கும் டோனி டியாஸ் இருவரும் 2012 ஏப்ரலில் உட்கார்ந்து மீட்டெடுத்தார்கள். இன்று அந்த நிரலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம்.

எல்லாருக்கும் இப்படி ஓர் அப்பா வாய்ப்பதில்லை. கொனாமி 2012-ல் 'சைலன்ட் ஹில்' ஆட்டங்களைப் புதுப்பித்தபோது, வேலை செய்தவர்கள் கைக்கு வந்தது இறுதி வடிவ நிரலே இல்லை, பாதியில் இருந்த ஒன்று. முன்பே திருத்தப்பட்ட பிழைகளை மறுபடி திருத்த வேண்டியதாயிற்று. ஆட்டமும் பழசைவிட மோசம் என்று பேர் வாங்கியது. ஸ்கொயர் எனிக்ஸ் 2013-ல் 'கிங்டம் ஹார்ட்ஸ்' முதல் பாகத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தால் அசல் கோப்புகள் பல இல்லை. கடைகளில் விற்ற வட்டிலிருந்தே தோண்டியெடுத்து மறுபடி உருவாக்கினார்கள். பெரிய பெரிய கம்பெனிகள்! எங்க வங்கியில் ஒரு வவுச்சர் தொலைந்தால் ஆடிட்டர் உயிரை எடுத்துடுவார்.

2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது. ரீமாஸ்டர் யோகம் அடிப்பது மிச்சம் இருக்கிற கொஞ்சத்துக்குத்தான்.

அசல் கையில் இருந்தும் சொதப்பலாம். 2021 நவம்பரில் வந்த 'ஜிடிஏ' மூன்று ஆட்டங்களின் புதுப்பிப்பு அதற்கு நல்ல உதாரணம். செய்தது ஃபுளோரிடாவின் க்ரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ். சான் ஆண்ட்ரியாஸ் ஊரில் 'டஃப் நட் டோனட்ஸ்' என்று ஒரு கடை. கூரைமேல் பெரிய டோனட் மாதிரி இருக்கும், ஆனால் ஆறு பக்க இரும்பு நட்டு. பேருக்கேற்ற நக்கல். புதுப்பித்ததில் மூலைகள் எல்லாம் மழுங்கி அது வெறும் வட்டமாகிவிட்டது. படம் பளபளப்பு, நகைச்சுவை காலி. ரசிகர்கள் கொதித்ததில் ராக்ஸ்டார் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டது.

அந்த ராக்ஸ்டாருக்கு நம்ம பெங்களூரில் 2016 முதல் அலுவலகம் உண்டு. 1997-ல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தை 2019-ல் அவர்கள்தான் வாங்கினார்கள். இந்தியாவின் முதல் கேம் கம்பெனி என்று சொல்லப்படுவது துருவாதான். நாங்க மாவு மில் மாடியில் திருட்டு ஃப்ளாப்பியோடு மல்லுக்கட்டிய அடுத்த வருஷமே, அதே ஊரில் ஒருத்தர் இதைத் தொழிலாக ஆரம்பித்திருக்கிறார். எங்க தெருவில் யாருக்கும் தெரியாது.

இன்னொரு சேதியும் உண்டு. பிரின்ஸின் மறுபிறவியான 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' 2003-ல் இங்கே கனடாவில், யூபிசாஃப்டின் மான்ட்ரியல் கூடத்தில் உருவானது. அதன் ரீமேக் 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது பொறுப்பு யூபிசாஃப்டின் புனே, மும்பை கூடங்களுக்குக் கொடுக்கப்பட்டது. படித்ததும் எனக்குக் காலரைத் தூக்கி விட்டுக்கணும் போல இருந்தது. முன்னோட்டத்தைப் பார்த்த ரசிகர்கள் படம் பழசா இருக்கு என்று கழுவி ஊத்தினார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போய், 2022 மே மாதம் வேலை திரும்ப மான்ட்ரியலுக்கே போனது. 2026 ஜனவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்த நம்ம ஊர்ப் பசங்க வருஷக்கணக்கில் செய்த வேலையை இனி யார் பார்ப்பார்கள்? அதையாவது யாராவது ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தால் நல்லது.

பெட்டி என்றதும் என் கதைக்கு வர வேண்டியிருக்கு. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா யோசனை.

நான் 2009-ல் கனடா வந்தேன். 2011-ல் அப்பா தவறிட்டார். 2019-ல் ஸ்ரீராம்புரம் வாடகை வீட்டைக் காலி பண்ணி அம்மாவைத் தங்கச்சி தன் வீட்டுக்கு அழைச்சுக்கிட்டா. காலி பண்ற அன்னிக்கு போன். எனக்கு இங்கே மாசக் கடைசி, கழுத்தளவு வேலை. "அண்ணா, பரண்மேல உன் பேர் போட்ட தகரப் பெட்டி ஒண்ணு இருக்கு. ஃப்ளாப்பி, கேசட்டு, குப்பையா இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"தூக்கிப் போட்டுடும்மா" என்றேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது.

ஜோர்டானின் அப்பா கதையை அதற்கப்புறம்தான் படித்தேன். படிச்சு முடிச்சதும்தான் உறைத்தது. அந்தக் கேசட்டுகளில் ஒண்ணு, நான் ஏழாவது படிக்கும்போது பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரைக் கடன் வாங்கிப் பதிவு பண்ணினது. அப்பா ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, நாங்க பதிவு பண்றது தெரியாமல் அம்மாகிட்ட பேசிக்கிட்டே சாப்பிடுவார். அரை மணி நேரம். அவர் குரல் எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான். தங்கச்சி மேல தப்பே இல்லை. அவள் கேட்டாள், நான்தான் போடச் சொன்னேன்.

போன மாசம் இதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கேசட் போச்சுண்ணா. ஆனா அப்பாவோட கணக்கு நோட்டு ரெண்டு என்கிட்ட இருக்கு. அம்மா விடலை" என்றாள். வாட்ஸப்பில் ஒரு பக்கம் படம் எடுத்து அனுப்பினாள். 1996 மே மாசம். அரிசி, மண்ணெண்ணெய், சீட்டுப் பணம், அதுக்குக் கீழே அப்பாவின் கோணல் கையெழுத்தில் 'தம்பி கம்ப்யூட்டர் - 150'. அடுத்த வரியில் 'கைமாத்து - 100'.

கடன் வாங்கித்தான் கட்டியிருக்கார். எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. அந்தக் காசில்தான் நான் பிரின்ஸ் ஆடினேன். அதே காசில் கத்துக்கிட்ட லோட்டஸ்தான் பின்னாடி வங்கி வேலைக்கும் கைகொடுத்தது, அதையும் சொல்லிடணும்.

பையனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். 'தம்பி' யாருன்னு கேட்டான். "நான்தான்டா" என்றேன். ஆட்டத்தை நிறுத்திட்டு வந்து உட்கார்ந்து மத்த வரிகளையும் படிச்சுக் காட்டச் சொன்னான். மண்ணெண்ணெய்ன்னா என்னன்னு விளக்கவே பத்து நிமிஷம் ஆச்சு.

ரெண்டு நோட்டையும் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கேன். ஸ்கேன் பண்ணியாச்சுன்னு அசலை எடைக்குப் போட்டுடாதேன்னும் சொல்லியிருக்கேன்.

இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது பரண்மேல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க. யாராவது "தூக்கிப் போடட்டுமா?"ன்னு கேட்டால், மாசக் கடைசியா இருந்தாலும் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லிட்டு அப்புறம் பதில் சொல்லுங்க.