மருத்துவமனைகளுக்கான வெள்ள இடர் மதிப்பீடு

ஒரு மருத்துவமனைக்குள் எவ்வளவு உயரத்துக்கு வெள்ளம் புகக்கூடும், புகுந்தால் எந்தச் சேவை முதலில் முடங்கும், நோயாளிகளை எப்படிக் காப்பாற்றுவது என்று முன்கூட்டியே ஆராய்வதே வெள்ள இடர் மதிப்பீடு. மழை வந்தால் பள்ளிக்கு விடுமுறை விடலாம். மருத்துவமனைக்கு அது முடியாது. அன்றுதான் அங்கே கூட்டமும் கூடும்.

சென்னை இதை 2015 டிசம்பரில் பட்டறிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட நீரும் மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர, அடையாறு கரைமீறியது. மணப்பாக்கத்தில் ஆற்றையொட்டி இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் வெள்ளம் புகுந்து மின்சாரம் தடைப்பட்டது. அந்த நாட்களில் அங்கே சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்தனர். மின்தடைதான் காரணமா என்ற சர்ச்சை நீண்டது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவரின் உயிர் மின்சாரத்தை நம்பியிருக்கிறது என்பதில் மட்டும் சர்ச்சைக்கு இடமில்லை.

ஆகவே கட்டடம் உறுதியானதா என்று பார்ப்பதோடு மதிப்பீடு முடிவதில்லை. ஜெனரேட்டர், மின்பலகை, டீசல் தொட்டி, ஆக்சிஜன் குழாய், மருந்துக் கிடங்கு ஆகியவை எந்த மட்டத்தில் உள்ளன என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் எரிபொருளை மேலேற்றும் பம்புகள் தரைக்கீழ்த் தளத்தில் இருந்தன. 2012-இல் சாண்டி புயல் வந்தபோது அவை மூழ்கின; ஊழியர்கள் படியேறிக் கைமாற்றி எரிபொருள் சுமந்தார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

வேகமாக வளரும் நகரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய வெள்ள அளவுகளை மட்டும் நம்ப முடியாது. பள்ளிக்கரணை போன்ற சதுப்புநிலங்கள் சுருங்கி, தெருக்கள் உயர்த்தப்படும்போது, நேற்றுவரை மேடாக இருந்த வளாகம் பள்ளமாகிவிடுகிறது. ஆம்புலன்ஸ் வரும் சாலை மூழ்கினாலும் மருத்துவமனை செயலிழந்ததாகவே கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீட்டின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு 151 கூறுகளைச் சோதிக்கச் சொல்கிறது. ஒருமுறை சோதித்துக் கோப்பில் வைத்துவிட்டால் போதாது. அருகில் புதிய சாலையோ குடியிருப்போ எழும்போதெல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டும்.

இதற்காகும் செலவு வீணாவதில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவ மையம் 2001-இல் அலிசன் புயல் வெள்ளத்தில் பெரும் சேதம் கண்டது. பிறகு அங்கே வெள்ளத் தடுப்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. 2017-இல் ஹார்வி புயல் நகரையே மூழ்கடித்தபோது, அந்த மையத்தின் பெரும்பாலான மருத்துவமனைகள் தொடர்ந்து இயங்கின.