தனிக் கோயிலும் பொதுக் கோயிலும்: சிங்கப்பூர்த் தமிழ்க் கிறித்தவர் வரலாற்றில் ஒரு வினா

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் கிறித்தவர். இவர்களுள் தமிழர்க்கெனத் தனி ஆலயங்கள் எழுந்தமையை இன ஒதுக்கல் என்பதா, உரிமைப்பேறு என்பதா? இவ்வினாவுக்குத் தேக்காவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த வரலாற்றிலேயே விடை தேட இக்கட்டுரை முற்படுகிறது.

முதலில் நோக்கத்தக்கது புனித அந்திரேயா பேராலயம். 1856 முதல் 1861 வரை இதனை எழுப்பியவர்கள் பிரிட்டிஷ் அரசால் நாடு கடத்தப்பட்ட இந்தியக் கைதிகள். சென்னைச் சுண்ணச்சாந்து முறையில் மெருகேறிய அதன் சுவர்கள் அவர்களது கைத்திறனுக்குச் சான்று. எனினும் அது ஐரோப்பியரை முதன்மையாகக் கொண்ட ஆலயமாகவே விளங்கியது. உழைப்பினால் ஓரிடத்தில் இருப்பது வேறு. உரிமையினால் இருப்பது வேறு என்பதை இது காட்டுகிறது.

கத்தோலிக்கரின் வரலாறு வேறு வழியில் சென்றது. நல்லாயன் ஆலயத்திலும், பின்னர் 1870இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித பேதுரு பவுல் ஆலயத்திலும் சீனரோடு வழிபட்டு வந்த தமிழர், 1888இல் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயத்தைப் பெற்றனர். சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுந்த முதல் ஆலயம் இதுவே. மறையுரையும் பாவசங்கீர்த்தனமும் தாய்மொழியில் அமைந்தாலன்றிச் சமய வாழ்வு நிறைவுறாது என்னும் தேவையே இப்பிரிவுக்கு அடிப்படை.

மெதடிஸ்டு சபையில் தொடக்கமே தமிழரின் முயற்சியோடு பிணைந்தது. 1887இல் ஷார்ட் தெருவில் தமிழ் வணிகர் ஆதரவுடன் ஒன்பது தமிழ்ச் சிறுமியரைக் கொண்டு சோஃபியா பிளாக்மோர் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்டு பெண்கள் பள்ளி. தமிழ் மெதடிஸ்டு ஆலயமும் அத்தெருவிலேயே நிலைபெற்றது. அருகிலேயே பெரனாக்கான் சீனர் மலாய் மொழியில் வழிபட்ட கம்போங் கப்போர் ஆலயமும், ஃபூச்சோவ் சீனரின் ஆலயமும் உள்ளன. எனவே மொழிவழிப் பிரிவு தமிழர்மேல் மட்டும் சுமத்தப்பட்டதன்று.

பிரிவுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதற்குத் தமிழகமே சான்று. நெல்லைப் பகுதியின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் அகற்றப்பட்டது. அங்கு வழிபட்டோர் பேசியது ஒரே மொழி. சுவர் காத்தது உயர்வு தாழ்வை. ஓஃபிர் சாலை ஆலயத்திற்கு அடித்தளமாயிருந்தது மொழி. முன்னது தாழ்த்தியது, பின்னது தாங்கியது. ஒரே கூரையின்கீழ்க் கூடுவதாலேயே ஒருமைப்பாடு விளைந்துவிடாது.

1974இல் லூர்து அன்னை ஆலயம் இனவழிப் பங்கு என்னும் நிலையிலிருந்து வட்டாரப் பங்காக மாறியது. இன்று அங்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நிகழ்கிறது. தமிழர் விருந்தினராக நுழைந்த ஆலயமன்று அது; தமிழர் இல்லத்தாராக இருந்து பிறரை வரவேற்ற ஆலயம். மெதடிஸ்டு திருச்சபையோ வேறு முறையைக் கைக்கொண்டது. அதன் மூன்று ஆண்டு மாநாடுகளுள் ஒன்று தமிழர்க்குரியது. அதற்கெனத் தலைவரும் நிருவாகமும் உண்டு. இரு முறைகளிலும் தமிழுக்கு வழிபாட்டில் இடம் உள்ளது. இரண்டாவதில் முடிவெடுக்கும் அவையிலும் இடம் உறுதியாக்கப்பட்டுள்ளது.

இவ்வேறுபாடு இன்று புதிய பொருள் பெறுகிறது. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் மிகுதியும் தமிழே பேசுவதாகக் கூறியோர் குடியிருப்பாளருள் 2.5 விழுக்காட்டினரே. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கில வழிபாட்டை நாடுவது இயல்பே. அங்கு அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் ஏற்கப்படுகின்றனரா, தம் மரபோடும் பொறுப்போடும் ஏற்கப்படுகின்றனரா என்பதே கேட்கத்தக்கது. தமிழ் ஆலயங்கள் பிரிவினையின் எச்சங்கள் அல்ல. பொதுச் சபையில் தமிழர் தலைநிமிர்ந்து அமர்வதற்கு அவையே படிக்கட்டுகளாயின.