கண்காட்சிக்குப் போன பூச்சி நிபுணர்

1888-ம் ஆண்டு ஆகஸ்ட் 25. சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து 'அலமேடா' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. அதில் ஆல்பர்ட் கோபெல் என்பவர் இருந்தார். மெல்போர்னில் நடக்கும் சர்வதேசக் கண்காட்சிக்குப் போகிற அமெரிக்கக் குழுவில் ஒருவர். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. நிஜத்தில் மனிதர் போனது பூச்சி பிடிக்க!

அரசாங்க வேலைக்காக அரசாங்க ஊழியர் போகிறார். அதற்கு ஏன் இந்த வேஷம்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா செடிகளோடு ஒரு பூச்சியும் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தது. பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெளேரென்று கிளையெல்லாம் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் செதில்பூச்சி. இருபதே வருடத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காலி செய்துவிட்டது. விவசாயிகள் கண்டதையும் தெளித்துப் பார்த்தார்கள். மரத்தைக் கூடாரம் போட்டு மூடி, உள்ளே சயனைடு புகை விட்டார்கள். ஊஹூம்! சிலர் மரங்களை வெட்டி எரித்தே விட்டார்கள்.

அமெரிக்க வேளாண் துறையின் தலைமைப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலிக்கு ஒரு யோசனை. 'இந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏன் ஆட்டம் போடவில்லை? அங்கே இதைத் தின்கிற எதிரி இருக்கவேண்டும். அதைப் பிடித்து வந்தால் என்ன?'

நல்ல யோசனைதான். ஆனால், பூச்சியியலாளர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் தரக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் கட்டளை போட்டிருந்தது. கடைசியில் வெளியுறவுத் துறையிடமிருந்த கண்காட்சிப் பணத்தில்தான் கோபெலுக்கு டிக்கெட்!

கோபெல் முக்கியமாகத் தேடிப்போனது ஒரு ஈயை. அது கிடைத்தது. கூடவே, அடிலெய்டு நகரத் தோட்டம் ஒன்றில், அந்தச் செதில்பூச்சியை ஒரு குட்டிச் சிவப்புப் பொறிவண்டு ருசித்துத் தின்றுகொண்டிருப்பதையும் பார்த்தார். வெடாலியா வண்டு. நம் சுண்டுவிரல் நகத்தில் சில வண்டுகள் உட்காரலாம், அவ்வளவுதான் அளவு. அவற்றைப் பெட்டியில் வைத்துக் கப்பலேற்றினார். முதல் தவணையாக லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து சேர்ந்தவை 28 வண்டுகள். 1889 ஜனவரிக்குள் மொத்தம் 129.

அங்கே ஓர் ஆரஞ்சு மரத்தைக் கூடாரத்தால் மூடி, வண்டுகளை உள்ளே விட்டார்கள். ஏப்ரலில் கூடாரத்தைத் திறந்தபோது மரம் சுத்தமாக இருந்தது! ஜூன் மாதத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டுகளை 200-க்கும் அதிகமான விவசாயிகள் வாங்கிப் போனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலிருந்து வெளியூர் போன ஆரஞ்சு, ஒரே வருடத்தில் 700 ரயில் வேகன்களிலிருந்து 2,000 வேகன்களாக எகிறியது. நன்றி மறக்காத விவசாயிகள், கோபெலுக்குத் தங்கக் கடிகாரமும் அவர் மனைவிக்கு வைரத்தோடும் பரிசளித்தார்கள்.

மொத்தச் செலவு? 2,000 டாலருக்குள்!

இத்தனை மலிவான வைத்தியத்துக்குப் பணம் புரட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருந்தது? யோசித்துப் பாருங்கள். பூச்சிமருந்தை விவசாயி ஒவ்வொரு போகத்துக்கும் வாங்கியாகவேண்டும். அதனால் அதை விற்க ஆள் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. வெடாலியா வண்டோ ஒருமுறை விட்டால் தானே முட்டை போட்டுப் பெருகி, பக்கத்துத் தோட்டத்துக்கும் இலவசமாகப் பறந்து போய்விடும். இதில் எந்த வியாபாரி முதல் போடுவான்? அப்புறம் அரசாங்கம்தான் போடவேண்டும். அதுவும் கையை விரித்தால், கண்காட்சிக்குப் போகிற வேஷம்தான்!

கதை அங்கே முடியவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் டி.டி.டி. வந்தது. 1946-47 வாக்கில் கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், வேறு பூச்சிகளைக் கொல்ல ஆரஞ்சுத் தோட்டங்களில் அதைத் தெளித்தார்கள். செத்தது வெடாலியா. ஐம்பது வருடமாக வாலைச் சுருட்டிக்கொண்டிருந்த செதில்பூச்சி மறுபடி கிளம்பிவிட்டது! விவசாயிகள் அலறியடித்துக்கொண்டு வண்டுகளைத் தேடி ஓடினார்கள்.

'எங்கேயோ அமெரிக்காவில்தானே' என்று நினைக்காதீர்கள். 1920-களின் கடைசியில் இதே செதில்பூச்சி நம் நீலகிரியின் சீகை மரங்களில் தலைகாட்டியது. அதை அடக்கவும் வெடாலியாவைத்தான் கொண்டுவந்தார்கள்.

ஜவ்வரிசி கதை இன்னும் புதுசு. 2020-ல் கேரளத்தில் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி, சீக்கிரமே சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளித் தோட்டங்களில் புகுந்தது. முன்பு ஆப்பிரிக்காவில் பட்டினியைக் கிளப்பிவிட்ட அதே பூச்சி. 1981-லிருந்து அங்கே அதை அடக்கியது, தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு துளியூண்டு குளவி. அதே குளவியை 2021-ல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பரிசோதித்து, வளர்த்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் திறந்துவிட்டார்கள். இந்த முறை யாரும் வேஷம் போடவேண்டியிருக்கவில்லை.

அடுத்த பூச்சி ஏதோ ஒரு செடியோடு, ஏதோ ஒரு கப்பலில் வந்துகொண்டிருக்கலாம். அது வந்த பிறகு பணத்துக்கு அலைவதா, இப்போதே ஒதுக்கி வைப்பதா? பட்ஜெட் போடுகிறவர்கள் முடிவு செய்யட்டும். கேட்கவேண்டியது மட்டும் நாம்தான். ஏனென்றால், பொறிவண்டுக்கு மனுப்போடத் தெரியாது!