மடு மண்ணும் கண்டி மழையும்

மெல்பேர்ன் நகரத்துக்குத் தென்கிழக்கே 40 கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள கிரான்பர்ன் என்ற இந்த ஊரின் பெயரை விஞ்ஞானிகள் அறிந்திருப்பது, ஆகாயத்திலிருந்து இங்கே விழுந்த இரும்பினால். 1850களில் குடியேறிகளின் கவனத்துக்கு வந்த அந்த விண்கற்களுள் மூன்றரை டன் நிறையுள்ள பெரியதொன்று கடல் கடந்து லண்டன் நூதனசாலைக்குப் போய்விட்டது. வானம் தந்ததைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்ற ஆசை மனிதருக்கு இயல்பானது. எங்கள் வீட்டில் அந்த ஆசை மடு மண்ணாக இருந்தது.

இலங்கையின் மன்னார்க் காட்டிலுள்ள மடுத் திருப்பதிக்குப் போகிறவர்கள் ஒரு பிடி கோயில் மண் எடுத்து வருவார்கள். பாம்புக்கடிக்கு அது காவல் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த விசுவாசம். என் அம்மம்மா அதைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து மாதா படத்தின் பின்னால் வைத்திருந்தார்; எங்களுக்குக் காய்ச்சல் கண்டால் நீரில் குழைத்து நெற்றியில் இடுவார். மண் கொண்டுவர ஆஸ்திரேலியச் சட்டம் இடந்தராது என்று அறிந்தபடியால், இங்கே குடியேறப் புறப்படுவதற்கு முதல்நாள் அந்த முடிச்சை அவிழ்த்து, மண்ணை முற்றத்து வேம்பின் அடியில் சொரிந்துவிட்டு, கழுவி உலர்த்திய வெறுந் துணியை மட்டும் கொண்டுவந்தேன்.

மடுவே அகதிகளின் கோயில்தான். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திவிட்ட பின்பு, 1670 அளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஒதுங்கின என்பது வழிவழி வந்த வரலாறு. குருவானவர் இல்லாமல் வாடிய அந்த மக்களைத் தேடி, 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரர் வேஷத்தில் வந்திறங்கினார். கழுத்தில் செபமாலையை அணிந்தவாறு வீடு வீடாகக் கையேந்தி நின்று, அந்த மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ அவர்களே தம்மவர் என்று அவர் கண்டறிந்தார்.

1692இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று சிறைப்படுத்தினார்கள். பின்பு நாட்டில் மழை பொய்த்தபோது, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் வேண்டுகோளின்படி அவர் வெளியில் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டி முழந்தாளிட்டார் என்றும், சுற்றிலும் மழை கொட்ட அவர்மீது ஒரு துளியும் விழவில்லை என்றும் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன். ஆயினும் அம்மம்மா இந்தச் சரித்திரத்தைச் சொல்லும்போது மழையை விரைவாகக் கடந்து, 1697இல் வந்த வைசூரிக்கே போவார். சொந்த உறவினரும் விட்டோடிய நோயாளிகளைக் குருவானவர் தேடிப்போனதையும், புண்ணைக் கழுவியதையும், மாண்டவர்களைப் புதைத்ததையும் மெல்ல மெல்லச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

1999 நவம்பரில், போருக்கு அஞ்சி மடுக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் பலர் எறிகணை விழுந்து மாண்ட செய்தி வந்த நாளில், என் செபம் நாவிலேயே நின்றுவிட்டது. மாதா ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடையில்லை. விடை தருவதாகச் சொல்பவர்களின் பிரசங்கத்தைக் கேட்கவும் எனக்கு மனமில்லை. அந்த நாட்களில் எனக்குத் துணையாக நின்றது மழையன்று, வைசூரிதான்: நோயை நீக்கும் அற்புதம் எதுவும் செய்யாமல், நோயாளியின் பாயருகே உட்கார்ந்திருந்த அந்தக் குருவானவர்.

1995இல் முத்திப்பேறு பெற்ற அவரை, வழக்கமாக வேண்டப்படும் இரண்டாவது அற்புதத்தை எதிர்பாராமலே, 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அர்ச்சிஷ்டராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்கும் போனார். கிரான்பர்னில் அப்போது இரவு ஒன்பது மணி. கோடைகால வெளிச்சம் இன்னும் முற்றாக அணையவில்லை. தொலைக்காட்சியில், பிள்ளைகளை இழந்த தாய்மாரும் முதியோரும் நெருக்கியடித்து நின்றார்கள். நான் மாதா படத்தின் பின்னாலிருந்து அந்தத் துணியை எடுத்து மடியில் விரித்தேன். எத்தனையோ முறை துவைத்த பின்பும், முடிச்சு இருந்த இடத்தில் செம்மண் கறை தெரிந்தது.